ரி.எஸ்.எச் கொஞ்சம் கூட. ரி.பி.ஓ பரிசோதனையும் அவசியமா?

தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோனான ரி.எஸ்.எச் 6.1, அந்தச் சுரப்பி சுரக்கும் ரி4 சரியான அளவில். டொக்டர் ரி.பி.ஓ பிறபொருளெதிரியும் (அன்டிபொடி) பார்க்கச் சொல்கிறார், வெளி லாப்பில் காசு கட்டிச் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கும் தைரொயிட் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ஒரு தரம் போதும்.

ரி.எஸ்.எச் கூடியிருக்கிறது என்றால் சுரப்பி சிரமப்படுகிறது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. நம் உடம்பே அந்தச் சுரப்பியைத் தாக்குகிறதா என்பதை ரி.பி.ஓ காட்டும். இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்தில் 20 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டும் கூடியிருந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் முழுத் தைரொயிட் குறைபாட்டுக்குப் போனார்கள். ரி.எஸ்.எச் மட்டும் கூடியவர்களில் மூன்று பேருக்கும் குறைவு. உங்களை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் முடிவெடுக்க இது உதவும்.

எனக்கு ஹஷிமோட்டோ, அதாவது உடம்பே தைரொயிட்டைத் தாக்கும் வருத்தம். என் ரிப்போர்ட்டில் ரி.பி.ஓவுக்கு நேரே '600க்கு மேல்' என்றிருந்தது, பக்கத்தில் 34க்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். அந்த மெசின் அளக்கும் எல்லையே 600தான். எண் இரட்டிப்பானால் வருத்தமும் இரட்டிப்பு என்று இல்லை. கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு 'உங்களுக்கு எவ்வளவு?' என்று ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்களைப் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். குறைபாட்டுக்குக் கொடுக்கும் தைரொட்சின் குளிசையின் அளவைத் தீர்மானிப்பது ரி.எஸ்.எச். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். உங்களுக்கும் இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு தரம் பார்ப்பார்கள், சிலருக்கு அது தானாகவே இறங்கிவிடும்.

முடி கொட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒன்று கேட்கிறேன்: கனடா, லண்டனில் இருந்து யாராவது முடி வளரும் குளிசை அனுப்பினார்களா? போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்ற விற்றமின் 5000, 10000 மைக்ரோகிராம் என்று இருக்கும். பல லாப் மெசின்கள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளக்கின்றன. இரத்தத்தில் அது நிறைய இருந்தால் ரி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் ரி4 பொய்யாகக் கூடியும் வரும். குறைபாடு உள்ளவருக்கு நேரெதிரான வருத்தம் இருப்பதுபோல ரிப்போர்ட் காட்டிவிடும். இரத்தம் கொடுக்க இரண்டு நாளுக்கு முன்பாவது நிறுத்துங்கள், லாப்பிலும் சொல்லுங்கள்.

பசியோடு போகத் தேவையில்லை. தைரொட்சின் தொடங்கிவிட்டால், அன்றைய குளிசையை இரத்தம் கொடுத்தபிறகு போடுங்கள். தைரொயிட்டுக்குக் கூடாது என்று கோவாவை (முட்டைக்கோசை) ஒதுக்கவும் வேண்டாம். சமைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது.

பிள்ளை பெறும் யோசனை இருந்தால் இப்போதே டொக்டரிடம் சொல்லுங்கள். ரி.பி.ஓ உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் முதல் பாதியில் நாலு கிழமைக்கு ஒரு தரம் ரி.எஸ்.எச் பார்ப்பார்கள். அதில் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.