முயன்றாலே உடலுறவு நடந்ததாகிவிடுமா?

கேள்வி: திருமணமாகிப் பதினான்கு மாதங்கள். கணவர் இருமுறை முயன்றும் பாதியிலேயே நின்றுவிட்டது. “முயன்றாலே உடலுறவு நடந்ததாகத்தான் சட்டம் கொள்ளும், ஆனாலும் இருவரும் சம்மதித்தால் வைத்தியச் சான்றிதழோடு மூன்று மாதத்தில் விவாகரத்து எடுத்துத் தருகிறேன்” என்று தரகர் ஒருவர் அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, உப்புவெளி.

பதில்: சகோதரி, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஆண் உறுப்பு பெண்ணுறுப்பினுள் நுழைவதே உடலுறவு. விந்து வெளியேறுவதோ கரு தங்குவதோ அதற்குக் கட்டாயமில்லை. வன்புணர்வுக் குற்றத்துக்கு உட்புகுதல் நிகழ்ந்தாலே போதும் என்கிறது நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவு. அந்த வரியைத்தான் இவர் குற்றவியலிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து உங்கள் குடும்ப வழக்கில் ஒட்டுகிறார்.

1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் கேட்பது வேறு. சோரம் (துணையல்லாத வேறொருவருடன் உடலுறவு), வன்மத்துடன் கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றையே அது காரணமாக ஏற்கிறது. ஆகவே எத்தனை முறை முயன்றீர்கள் என்பதல்ல, அந்த இயலாமை அன்றே இருந்ததா, குணப்படுத்த முடியாததா என்பதே கேள்வி. திருமணத்துக்குப் பின் விபத்தாலோ நீரிழிவாலோ ஒருவர் இயலாதவரானால், அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இக்காரணத்துள் வராது. இதைச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் வருபவர்கள் நம்ப மறுக்கிறார்கள், அதனால்தான் மீண்டும் சொல்கிறேன், “திருமண வேளையில்” என்ற சொற்கள் அங்கே வீணுக்கு நிற்கவில்லை. குழந்தைப்பேறின்மையும் ஆண்மையின்மை ஆகாது.

பரஸ்பர சம்மத விவாகரத்து என்ற ஒன்று இச்சட்டத்தில் இல்லை. முதல் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே மூன்று மாதம் உண்டு. தரகர் அதை மட்டும் காட்டி, அதற்கு முன்னே வழக்குத் தவணைமேல் தவணையாகக் கழியும் காலத்தை மறைக்கிறார். நூற்றாண்டு கடந்தும் குற்றம் தேடவைக்கும் ஒரு சட்டம் இருக்கும்வரை நீதிமன்ற வாசலில் இவர்களுக்குப் பஞ்சமிராது. விலைக்கு வாங்கிய சான்றிதழை எதிர்த்தரப்பு மறுத்தால், எழுதியவர் சாட்சிக்கூண்டில் ஏறவேண்டும். அன்று அவரைத் தேடிப்பிடிக்க முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்று எவரேனும் அழைத்தாலும் போகாதீர்கள். உடலுறவு நடந்ததா இல்லையா என்பதை, யோனி வாயிலில் அவர்கள் பார்க்கும் கன்னிச்சவ்வு சொல்லாது. அப்பரிசோதனையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2018 இலேயே கோரிவிட்டது.

முதலில் இருவருமாக வைத்தியரிடம் போங்கள். பதற்றமோ உங்கள் யோனித் தசையின் இறுக்கமோ காரணமாயின், பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகும். சரியாகக்கூடியதை “தீராதது” என்று வழக்கிடவும் முடியாது. அதற்குப் பிறகும் பிரிவதே முடிவென்றால், கிளினிக் கொப்பியையும் விவாகச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேரே ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.