கணவர் ஸ்பவுஸ் விசாவில் இருக்கிறார். நான் யூனிவர்சல் கிரெடிட் கேட்கலாமா?

கேள்வி: நான் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவள், லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். என் கணவர் 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பவுஸ் விசாவில் வந்தார். எங்களுக்கு ஆறு மாதக் குழந்தை. பிள்ளை பிறந்தபின் நான் வேலையை விட்டுவிட்டேன். அவருக்கு மாதம் 1,500 பவுண் கைக்கு வருகிறது. வாடகைக்கே திண்டாடுகிறோம். யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்தாருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) எடுத்தால் அவருடைய விசா போய்விடும் என்கிறார் மாமி. கணவர் உன்னோடு இல்லை என்று எழுதிவிடு என்கிறார் இன்னொரு உறவினர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்கலாம். அது உங்களுடைய உரிமை. முறையாகக் கேட்டால் அதனால் கணவரின் விசா போகாது. ஆனால் அந்த உறவினர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தனி ஆளாக விண்ணப்பிப்பது வேறு, தனியாக வாழ்கிறேன் என்று சொல்வது வேறு. முதலாவதைச் சட்டமே அனுமதிக்கிறது. இரண்டாவது குற்றம்.

உங்கள் கணவரின் இ-விசாவில் 'பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) பெற அனுமதி இல்லை' என்ற நிபந்தனை இருக்கும். அப்படிப்பட்டவர்கள் யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான உதவித்தொகை) போன்றவற்றைப் பெறுவதை 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. இணையர் இப்படித் தடைக்கு உட்பட்டவராக இருந்தால் மற்றவர் தனிநபராகக் கோரலாம் என்று 2013ஆம் ஆண்டு யூனிவர்சல் கிரெடிட் விதிமுறைகளின் 3(3) விதி சொல்கிறது. 2025-26இல் 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண், தனி ஆளுக்கு 400.14 பவுண். அந்த ஆண்டுக் கணக்கில் உங்களுக்கு வரவேண்டியது 400.14தான். அதோடு பிள்ளைக்கு 292.81 பவுணும், தகுதியைப் பொறுத்து வாடகைத் தொகையும் சேரும்.

மாமியின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கணவர் இங்கே இருப்பதாலேயே உங்களுக்குக் கூடுதலாகப் பணம் கிடைத்தால், அவர் பொது நிதி பெற்றதாகக் குடிவரவு விதிகள் கருதும். உங்களுக்கு உரிய பணத்தில் அவரும் சேர்ந்து சாப்பிடுவது தவறில்லை. ஆகவே தனி ஆள் தொகைக்குப் பதிலாகத் தம்பதித் தொகை வந்துவிட்டால்தான் சிக்கல். யூனிவர்சல் கிரெடிட் அலுவலகத்தில் தவறுதலாகத் தம்பதிக் கணக்கில் போட்டுவிடுவதும் நடக்கக்கூடியதே. முதல் கணக்கு விவரம் வந்தவுடன் அடிப்படைத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். கூட வந்திருந்தால் அன்றைக்கே ஜர்னலில் (உங்கள் இணையக் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் பகுதி) எழுதுங்கள், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். தவறு அவர்களுடையதாக இருந்தாலும் யூனிவர்சல் கிரெடிட்டில் அதிகமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விண்ணப்பத்தில் கணவர் உங்களோடு வாழ்வதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு ஜர்னலில் இப்படி எழுதலாம்: "என் கணவர் என்னுடன் வாழ்கிறார். அவருக்குப் பொது நிதி பெற அனுமதி இல்லை. 3(3) விதியின்படி நான் தனிநபராகக் கோருகிறேன். எனக்குத் தனிநபர் தொகையை மட்டும் கணக்கிடவும்." இதை ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசா நீட்டிப்பின்போது யாராவது கேள்வி கேட்டால் உங்கள் கையில் இருக்கும் நல்ல சான்று இதுதான்.

தனியாக வாழ்வதாக எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விசாவை நீட்டிக்கும்போது, இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறீர்கள் என்று காட்ட கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பில், வங்கிக் கடிதம் எல்லாம் விசா கொடுக்கும் ஹோம் ஆபீசுக்குக் கொடுப்பீர்கள். ஒரு அலுவலகத்திடம் சேர்ந்து வாழ்கிறோம், இன்னொன்றிடம் பிரிந்து வாழ்கிறோம் என்றால், இரண்டு கோப்பும் ஒருநாள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைக்கப்படும். பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு முடியாது. உங்கள் மீது மோசடி வழக்கு வரலாம், அவருடைய விசாவும் ஆட்டம் காணும்.

இனி வருமானம். தொகை தனி ஆளுக்குத்தான் என்றாலும் கணவரின் சம்பளத்தையும் சேமிப்பையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். இது நியாயமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் விதி அப்படித்தான். 2025-26 கணக்குப்படி, வாடகைத் தொகையும் பெறும் பிள்ளையுள்ள குடும்பத்துக்கு முதல் 411 பவுண் சம்பளம் கணக்கில் வராது. மீதி 1,089 பவுணில் 55 சதவீதம், அதாவது 598.95 பவுண், உங்கள் மொத்தத் தொகையிலிருந்து கழியும்.

ஊரில் கணவர் பெயரில் காணி இருக்கிறதா? நம்மவர்கள் அதிகம் மறக்கும் விஷயம் இது. நீங்கள் குடியிருக்காத வீடு, காணி, இலங்கை வங்கிக் கணக்கு எல்லாமே மூலதனம்தான். இருவருடையதும் சேர்ந்து 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்கு மேலே போனாலே தொகை குறையத் தொடங்கும். காணியின் சந்தை மதிப்பில் விற்கும் செலவுக்கு 10 சதவீதமும், அதன் மேல் கடன் இருந்தால் அதையும் கழித்துக் கணக்கிடுவார்கள். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சைல்ட் பெனிஃபிட்டை உங்கள் பெயரில், நீங்கள் மட்டும் கேளுங்கள். 2025-26இல் முதல் பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண். கவுன்சில் டாக்ஸ் குறைப்பில் கொஞ்சம் பொறுங்கள்: அதுவும் பொது நிதிதான், கவுன்சிலுக்குக் கவுன்சில் கணக்கு மாறும். கணவரால் தொகை கூடுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். பள்ளிக்கூடமும் என்எச்எஸ் மருத்துவமும் பொது நிதியில் சேராது. கணவர் சம்பளத்திலிருந்து கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்புறுதி) அடிப்படையில் கிடைப்பவையும் சேராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் விசா 33 மாதம் என்றால் 2027 செப்டம்பர் வாக்கில் அது முடியும். நீட்டிக்க, ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் அதில் சேராது. கைக்கு 1,500 என்றால் கணவரின் ஆண்டுச் சம்பளம் வரிக்கு முன் சுமார் 20,000. இங்கே இருந்தே விண்ணப்பிப்பதால் இருவர் சம்பளத்தையும் கூட்டலாம். நீங்கள் 9,000 பவுண் வரும் பகுதிநேர வேலைக்குப் போனால் போதும். ஒரே வேலையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டியிருப்பதால் 2027 தொடக்கத்துக்குள் சேர்ந்துவிடுங்கள். அது முடியாமல் போனாலும் மனம் தளர வேண்டாம். பிரிட்டிஷ் பிள்ளை இருப்பதால் பத்து ஆண்டு வழியில் (பத்து ஆண்டு கழித்தே நிரந்தர வதிவிட உரிமை தரும் வழி) விண்ணப்பிக்க இடமுண்டு. அது நீளமான, செலவு கூடிய வழி. அந்த நிலை வந்தால் காலக்கெடுவுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கணவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும் ஜர்னலில் அதை எழுதுங்கள். அதற்கு அப்புறம் தம்பதியாகச் சேர்ந்து கோரலாம், தம்பதித் தொகையே வரும்.