ரீச்சரைக் கேளுங்கோ: இந்த முறை மேகி ஸ்மித்துக்காக

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்பது ஒரே ஆளைப் பற்றியவை. 2024 செப்ரெம்பர் 27, வெள்ளிக்கிழமை காலை, லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 89 வயதில் காலமான ஆங்கில நடிகை மேகி ஸ்மித். இங்கே சனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. காலபோகத்துக்கு உழவு தொடங்கி, வீட்டுக்கு வீடு விதைநெல் கதையும் பசளைக் கதையுமாக இருந்த நாட்கள். அந்த நேரத்தில் வன்னியிலிருந்து ஒன்பது பேர் பேனை எடுத்து எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான இலக்கணக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் அவருக்கே தருகிறேன்.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரம் படிக்கிறேன். ஹரி பொட்டர் படங்களில் மக்கொனகல் ரீச்சராக நடித்தவர் செத்துவிட்டார் என்று போனில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மா கண்டுவிட்டு, "உன்ரை அப்பப்பாவின்ரை செத்தவீட்டிலைகூட நீ இப்பிடி அழேல்லை, ஆரோ ஒரு வெள்ளைக்காரிக்கு அழுறாய்" என்று ஏசினா. நான் செய்தது பிழையா? (மாணவி, வட்டக்கச்சி)

பிழையில்லை, மகள். ஏசின அம்மாவிலும் பிழையில்லை.

முதலில் உன் பக்கம். மந்திரம் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் கதையான ஹரி பொட்டர் படங்கள் எட்டில் ஏழில் அவர் வருகிறார், 2001 தொடக்கம் 2011 வரை. நீ பிறக்க முதலே தொடங்கிய படங்கள். ரீவியில், போனில், விடுமுறையில், காய்ச்சலில் படுத்திருந்த நாளில் என்று எத்தனை தரம் பார்த்திருப்பாய்? மேசையில் இருந்த பூனை பாய்ந்து ரீச்சராக மாறி, வகுப்புக்குப் பிந்தி வந்த இரண்டு பெடியன்களையும் பார்ப்பாரே, அந்தப் பார்வையை உன் பள்ளிக்கூடத்திலும் ஒரு ரீச்சரிடம் கண்டிருப்பாய். அவர் கண்டிப்பானவர். ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்றால் முன்னுக்கு வந்து நிற்பவர். அப்படி ஒருவரை இத்தனை வருசம் பார்த்து வளர்ந்துவிட்டு அழாமல் இருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

இனி அம்மா. உன் அம்மாவின் வயதுக்காரர் 2009 இல் இந்த மண்ணில் ஆட்களைப் பறிகொடுத்தபோது இருந்து ஒப்பாரி வைக்க நேரமிருக்கவில்லை. எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, சில பேருக்கு எரிக்க உடல்கூட இல்லை. அழவேண்டிய அழுகையை வைத்துக்கொண்டே பதினைந்து வருசம் சமைத்து, உடுப்புத் தோய்த்து, உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பிய மனுசி. முகம் தெரியாத ஒருவருக்கு மகள் தாராளமாக அழுவதைக் கண்டால் அவவுக்கு எங்கேயோ சுடும். ஒரு பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அப்பப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேள். இடையில் பேசாமல் கேள்.

கேள்வி: ஹரி பொட்டரைத் தவிர அவர் வேறு எதில் நடித்திருக்கிறார்? ஆங்கிலம் படிக்கிற நாங்கள் எதைப் பார்க்கலாம்? (இரண்டு நண்பர்கள், மாங்குளம்)

தம்பிமார், பட்டியல் நீளம். 1952 இல் ஒக்ஸ்போர்டில் மேடையேறியவர். பெரிய நடிகர் லோறன்ஸ் ஒலிவியே கூப்பிட்டு, இங்கிலாந்தின் தேசிய நாடக அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் டெஸ்டிமோனாவாக நடித்தவர். படத்துக்கு இரண்டு ஒஸ்கார், தொலைக்காட்சிக்கு நான்கு எமி, மேடைக்கு ஒரு ரோனி என்று விருதுகள். இரண்டாவது ஒஸ்காரை வாங்கிக் கொடுத்த 'கலிபோர்னியா சூட்' படத்தில் (1978) அவர் நடித்ததே, ஒஸ்காருக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற ஒரு நடிகையாக. 'டவுன்ரன் அபி' தொடர் பெரிய இடத்துக் குடும்பக் கதை. அதில் அவர் பேசுகிற வசனங்கள் உங்கள் காதைத் தீட்டும். அதைப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1969 இல் வந்த 'த பிரைம் ஒவ் மிஸ் ஜீன் புரோடி' பற்றி. முதல் ஒஸ்கார் அதற்குத்தான்.

நான் அதைப் பார்த்தது 2003 இல், மல்லாவியில். ஏ9 பாதை திறந்து ஒரு வருசம். லண்டனிலிருந்து வந்த தங்கச்சி சொக்லேற், சவர்க்காரத்தோடு ஒரு உறையில் ஆறு படச் சீடியும் கொண்டுவந்திருந்தா. எங்கள் பக்கம் அப்போது மின்சாரம் இல்லை. கலியாண வீடுகளுக்கு ஜெனரேற்றர் வாடகைக்கு விடுகிற பக்கத்து வீட்டு அண்ணை அதை ஓர் இரவுக்குத் தந்தார், எண்ணெய் மட்டும் என் செலவு. முற்றத்தில் பாய் விரித்து ஐந்து ரீச்சர்மார் இருந்தோம்.

1930களின் எடின்பரோ. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். மிஸ் புரோடி பாடப்புத்தகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு ஓவியம், இத்தாலி, காதல் என்று பேசுகிற ரீச்சர். மேகி ஸ்மித் கழுத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் உருட்டிப் பார்த்து வெளியே விடுவார். பிள்ளைகள் மயங்கிப்போய் இருப்பார்கள். நானும் மயங்கினேன். படிப்பித்தால் இப்படித்தான் படிப்பிக்க வேண்டும் என்று அரைவாசிப் படம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரீச்சர் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியையும் ஸ்பெயினின் பிராங்கோவையும் பெரிய வீரர்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மற்றப் பிள்ளைகள் ஒதுக்கிவைக்கிற மேரி என்ற பிள்ளை அந்தப் பேச்சில் எடுபட்டு, நடந்துகொண்டிருந்த சண்டைக்கு என்று ஸ்பெயினுக்குப் போகிறாள். அங்கே செத்துப்போகிறாள்.

முற்றத்தில் ஜெனரேற்றர் சத்தம் மட்டும். ஐந்து பேரும் ஆளை ஆள் பார்க்கவில்லை. எங்கள் ஐந்து பேரின் வகுப்பிலும் ஆள் இல்லாத வாங்குகள் இருந்தன.

எனக்கு ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு, முன் வாங்கு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைப் பின்னல். வீரம் பற்றிய ஒரு கவிதையை நான் குரலை உயர்த்தி வாசித்த அன்று அவளுடைய கண் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். என் வாசிப்பால்தான் அவள் போனாள் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு இந்த ஊரில் ஆயிரம் காரணங்கள் இருந்தன. அந்த ஆயிரத்துக்குள் என் குரலும் ஒன்றாக இருந்ததா என்று அந்த இரவு வரைக்கும் நான் என்னைக் கேட்டதில்லை. படத்தின் முடிவில் இன்னொரு மாணவி நேருக்கு நேர் நின்று மிஸ் புரோடியிடம் கணக்குக் கேட்கிறாள். ரீச்சரின் வாய் அப்போதும் பெருமை பேசுகிறது, கண் உடைந்துபோகிறது. ஒரே முகத்தில் இரண்டையும் வைத்துக் காட்டினார் மேகி ஸ்மித். அந்த முகம்தான் என்னைக் கேட்க வைத்தது.

அதற்குப் பிறகு எந்தக் கவிதையை எடுத்தாலும், இதில் சாகிறது யார், எழுதினவர் எங்கே இருந்து எழுதினார் என்று வகுப்பில் கேட்டுவிட்டே வாசித்தேன். ஓய்வுபெறும் வரைக்கும். நீங்கள் ஆசிரியராக வர நினைத்திருந்தால் இந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி? (ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

கடைசி ஹரி பொட்டர் படம். பள்ளிக்கூடத்தைச் சுற்றி எதிரிகள். மக்கொனகல் கோலை உயர்த்தி மந்திரத்தைச் சொல்ல, சுவரில் நின்ற கற்சிலைகள் குதித்து இறங்கி வரிசையாக வாசலுக்கு நடக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கான உங்கள் கடமையைச் செய்யுங்கள் என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறார். சொன்ன கையோடு பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் திரும்பி, இந்த மந்திரத்தைப் போட்டுப் பார்க்க எவ்வளவு காலம் ஆசையாக இருந்தேன் என்று சின்னப்பிள்ளைபோலச் சந்தோசப்படுவார்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, தங்கச்சி. 2008 மார்கழியில் தருமபுரத்தில் மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி நாற்பது பிள்ளைகளை வைத்திருந்தேன். சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்குவோம். கடைசிப் பிள்ளை இறங்கும் வரைக்கும் ரீச்சர் மேலே நிற்க வேண்டும். எங்களிடம் கற்சிலைகள் இல்லை. சாறிகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிய மூட்டைகள் இருந்தன. என்னுடைய கூறைச்சாறியும் அதில் ஒன்று. அந்தக் காட்சியில் மேகி ஸ்மித் வாசலைப் பார்த்து நிற்கிற விதம் எனக்குத் தெரிந்த நிற்பு. பயம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. அவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

கேள்வி: அவர் பிறந்தது இல்போர்டில் என்று அங்கே இருக்கிற அக்கா சொல்கிறா. சரியா? (முள்ளியவளை)

சரி. 1934 டிசெம்பர் 28. இன்றைக்கு கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் வீடும் கடையுமாக வாழுகிற அதே இல்போர்ட். சிறுவயதிலேயே குடும்பம் ஒக்ஸ்போர்டுக்குப் போய்விட்டது.

கேள்வி: மார்பில் புற்றுநோய் என்று தெல்லிப்பளைக்குப் போய்வருகிறேன். தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. மேகி ஸ்மித்துக்கும் இந்த வருத்தம் இருந்தது என்று மகன் சொல்கிறான். எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறானா? (புதுக்குடியிருப்பு)

உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், அம்மா. ஆறாவது ஹரி பொட்டர் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு அதே நோய்க்குச் சிகிச்சை நடந்தது. தலையில் மயிர் இல்லை. அவித்த முட்டைபோல இருந்தேன், அதனால் பொய்முடி வைப்பது சுலபமாக இருந்தது என்று பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். சிகிச்சை உடம்பை முறித்துப்போட்டதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் படத்தை விடவில்லை. அந்தத் தொப்பிக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாமலே உலகம் பார்த்தது.

அந்தப் படம் வெளிவந்தது 2009 யூலையில். அப்போது நாங்கள் செட்டிகுளத்தில் முள்ளுக்கம்பிக்குள், தண்ணீர் வரிசையில் நின்றோம். அந்தப் படத்தை எத்தனையோ வருசம் கழித்துத்தான் பார்த்தேன். பார்க்கும்போது, நாங்கள் கூடாரத்துக்குள் கிடந்த காலத்தில் இந்த மனுசியும் தன் பாட்டில் ஒரு சண்டை பிடித்திருக்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் பதினைந்து வருசத்துக்கு மேல் இருந்தார், அம்மா. சும்மா இருக்கவில்லை. 2019 இல், 84 வயதில், லண்டனில் ஒரு மேடையில் தனியாக ஒரு கதிரையில் இருந்து, ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாகத் தானே பேசி ஒரு முழு நாடகத்தை நடத்தினார். ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸிடம் வேலைசெய்த பெண்ணின் கதை அது. 88 வயதில் ஒரு கைப்பை விளம்பரத்துக்குப் போய்க் கமராவை நேரே பார்த்தார்.

உங்கள் சிகிச்சை நாட்களைத் தவறவிடாதீர்கள். பஸ்ஸில் தனியாகப் போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். என்னோடு படிப்பித்த ஒருவர் அந்தப் பாதையில் கிழமைக்கு ஒருமுறை போய்வருகிறா.

கேள்வி: எங்கள் ஆங்கில மன்றத்தில் அவருக்கு அஞ்சலி வைக்கப்போகிறோம். விளக்கு ஏற்றலாமா? நடிகைக்கு எதற்கு விளக்கு என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார். (மாணவர்கள், கிளிநொச்சி)

ஒக்ரோபர் 1 ஆம் திகதி இரவு 7 மணிக்கு லண்டன் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகள் அவருக்காக இரண்டு நிமிடம் வெளிவிளக்குகளை மங்க வைத்தன. எங்களுக்கு அப்போது இரவு பதினொன்றரை. அவர்களுக்கு மங்க வைப்பது மரியாதை, எங்களுக்கு ஏற்றி வைப்பது. தாராளமாக ஏற்றுங்கள். பெரியவரிடம் போய், ஐயா, நீங்களே முதல் திரியை ஏற்றித் தாருங்கள் என்று கேளுங்கள்.

நீண்ட பேச்சுகள் வேண்டாம். ஒரு பிள்ளை இந்தக் கதையைச் சொன்னால் போதும்: ஹரியாக நடித்த டானியல் றட்கிளிஃப் அவரை முதன்முதல் சந்தித்தது ஒன்பது வயதில், 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' தொலைக்காட்சிப் படத்துக்கு. அவருக்கு அரசி கொடுத்த டேம் பட்டம் உண்டு என்று தெரிந்த பெடியன், உங்களை டேம் என்று கூப்பிட வேண்டுமா என்று பயந்து பயந்து கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டார், அதெல்லாம் வேண்டாம் என்று. அவர் இறந்த அன்று றட்கிளிஃப் எழுதிய குறிப்பில் இது இருந்தது.

கதை முடிந்ததும் கற்சிலைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். நானும் வருகிறேன். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி கொண்டுவருகிறேன், சுருக்கம் இல்லாமல் கட்டிவிடுங்கள். மழைக்காலம், கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

வட்டக்கச்சி மகள், நீயும் வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் செலவு என்னுடையது.