அக்டோபர் 31: ஹாலோவீனும் சீர்திருத்த நாளும் – கேள்வி பதில்

இறையியல் கல்லூரியில் 27 வருடம் சபை வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அக்டோபர் வந்தாலே ஹாலோவீன் பற்றிக் கேள்விகள் குவிகின்றன. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: வாட்ஸப்பில் வந்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். யார் சொன்னது, எந்தக் காலத்து எழுத்து என்று தெரியாத செய்தியை வைத்து விசுவாசத்தைக் கட்ட முடியாது.

டொரன்டோவிலிருந்து ஒரு தாய்: ஸ்தோத்திரம் ஐயா. மகனுக்கு 7 வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வேஷம் போட்டு வருவார்கள். ஹாலோவீன் சாத்தானின் பிறந்தநாள், அனுப்பாதே என்கிறார் ஜெபக்குழு அக்கா. உண்மையா?

ஸ்தோத்திரம் அம்மா. சாத்தானுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று வேதத்திலும் இல்லை, வரலாற்றிலும் இல்லை. பெயரையே பிரித்துப் பாருங்கள். ‘ஹாலோ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் பரிசுத்தவான். ‘ஈன்’ என்றால் சாயங்காலம். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு முந்தின சாயங்காலம்தான் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் ஈவ் போல.

அயர்லாந்தின் ‘சவன்’ என்ற குளிர்காலத் தொடக்க விழாவை மூடி மறைக்கத்தான் சபை இந்தத் தேதியை வைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. சவன் இருந்தது உண்மை. ஆனால் கி.பி. 800-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஐரிஷ் திருநாள் பட்டியல்களில் சகல பரிசுத்தவான்களின் நாள் ஏப்ரல் 20-இல் இருக்கிறது. ரோமில் அதற்கு முன்பே மே 13-இல் மறைசாட்சிகள் எல்லோரையும் நினைவுகூர்ந்தார்கள். நவம்பர் 1 ஐரோப்பிய நாடுகளில் பரவி, 9-ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. அயர்லாந்து விழாவை மறைக்க வைத்த தேதி என்றால், அயர்லாந்து சபையே அதை ஏப்ரலில் ஏன் கொண்டாடியது?

வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது, இன்றைய உருவில், வட அமெரிக்காவில் 1920-30களில் பரவிய வழக்கம். பிள்ளை பயப்படாத வேஷம் போடட்டும். ரத்தமும் மண்டை ஓடும் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அது தாயின் உரிமை, அதில் நான் குறுக்கிட மாட்டேன். மனசாட்சி ஒப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். ஆனால் இல்லாத பிறந்தநாளைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

மதுரை: பூசணிக்காயில் முகம் வெட்டுவது பேய்க்குப் படைப்பதா?

இல்லை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே பூசணி சுலபமாகக் கிடைத்தது.

லண்டன்: ஹாலோவீன் சாக்லேட் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8, 10-ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள்.

சேலம்: சாத்தானின் பிறந்தநாள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்...

முதல் பதில்.

பெயர் வேண்டாம் என்றவர்: என் மகள் ஒரு மாதமாக இரவில் அலறி எழுகிறாள். ஹாலோவீன் படம் பார்த்ததால் ஆவி பிடித்திருக்குமோ?

இது என் துறை இல்லை. அதற்காக உங்களைச் சும்மா அனுப்பவும் மனசில்லை. முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், உங்கள் போதகரை வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொல்லுங்கள். பேயோட்டப் பணம் கேட்கிறவர் வாசலை மிதிக்காதீர்கள்.

தரங்கம்பாடி: ஐயா, மார்ட்டின் லூத்தர் தன் 95 வாதங்களை ஆலயக் கதவில் ஆணி அடித்து மாட்டியது கட்டுக்கதை என்கிறார்களே? எங்கள் சபையில் வருடாவருடம் அதை நாடகமாகப் போடுகிறோம்.

லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊரிலிருந்து கேட்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன்.

சந்தேகம் இல்லாதது இது: 1517 அக்டோபர் 31 என்று தேதியிட்டு, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட்டுக்கு லூத்தர் எழுதிய கடிதம் இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அதோடு, பாவத் தண்டனைக் குறைப்பைக் காசுக்கு விற்பதை எதிர்த்த அந்த 95 வாதங்களையும் சேர்த்து அனுப்பினார். ஆணி அடித்ததாக அவரே எங்கும் எழுதவில்லை. 1961-இல் எர்வின் இசர்லோ என்ற கத்தோலிக்க அறிஞர் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்; வாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியின் விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் இருந்த பழைய மரக்கதவு 1760-இல் போரில் எரிந்துபோனது. இப்போது அங்கே நிற்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. நாடகத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் அந்தக் கடிதத்தையும் மேடையில் வாசியுங்கள்.

தேதிக்கு வாருங்கள். அந்தக் கோட்டை ஆலயத்தின் பெயரே சகல பரிசுத்தவான்களின் ஆலயம். நவம்பர் 1 அன்று அங்கே ஆயிரக்கணக்கான புனிதப் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள், அவற்றைத் தரிசித்தால் தண்டனைக் குறைப்பு என்று கூட்டம் வரும். அதற்கு முந்தின நாள்தான் லூத்தர் வாயைத் திறந்தார்; அதையே சீர்திருத்த நாளாக நினைவுகூர்கிறோம். ஆக ஹாலோவீனும் சீர்திருத்த நாளும் தற்செயலாக ஒரே தேதியில் விழவில்லை. அக்டோபர் 31 அன்று பூசணிக்காயைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிரசங்கியார், அந்த நாளில் சபை எதைப் பார்த்து நடுங்க வேண்டுமோ அதை விட்டுவிடுகிறார்.

நாகர்கோவில்: நான் கத்தோலிக்கன். ‘பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள்’ என்று ஒவ்வொரு அக்டோபரிலும் எங்களைக் குத்துவது நியாயமா?

நியாயம் இல்லை. அந்தப் பெயரே சரியில்லை. உங்கள் சபை அதைப் பலன் என்று சொல்கிறது: மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. ஆனால் ஆல்பிரெக்ட்டுக்காக அதை ஊர் ஊராக விற்ற டெட்சல் என்ற துறவி பிரசங்கித்த விதத்தில் ஜனங்கள் அதை மன்னிப்பாகவே வாங்கினார்கள். வந்த பணத்தில் பாதி ரோமின் பேதுரு ஆலயக் கட்டடத்துக்கு, பாதி ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுகர் என்ற வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனுக்கு. இதையும் சொல்ல வேண்டும்: 1567-இல் போப் ஐந்தாம் பயஸ் பணத்தோடு சேர்ந்த பலன்களை ரத்து செய்தார். 1999-இல், அதே அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் நீதிமானாக்கப்படுதல் (மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். உங்கள் சபை திருத்திக்கொண்டதை எங்கள் ஆட்கள் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் என் வேதனை. ஜெபித்த எண்ணெய் பாட்டில் இவ்வளவு, குடும்ப ஆசீர்வாதத்துக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்களே, அப்போஸ்தலர் 8-இல் தேவனுடைய வரத்தை வாங்கச் சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு என்ன சொன்னார் என்று வாசியுங்கள்.

கோவை: ஹாலோவீன் சாத்தானின்...

முதல் பதில் ஐயா. மேலே போய் வாசியுங்கள்.

திருநெல்வேலி: அப்படியானால் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஆலயத்தில் விடும் ஏலமும் டெட்சல் வியாபாரம்தானே?

இல்லை. தேங்காயை ஏலம் எடுக்கிறவருக்குத் தேங்காய்தான் கிடைக்கிறது. பரலோகம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

தூத்துக்குடி: ஐயா, லேசாக விடுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு எலுமிச்சம்பழம் 40,000 ரூபாய்க்குப் போனது. எடுத்தவருக்கு மைக்கில் மூன்று தடவை பெயர், அடுத்த கமிட்டியில் இடம். இது வியாபாரம் இல்லையா?

ஒரு சபைச் செயலர்: ஏலம் இல்லாவிட்டால் ஆலயக் கூரை ஒழுகும். பேசுவது சுலபம்.

மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். தூத்துக்குடி சகோதரர் சொல்வது சரி, என் முந்தின பதில் அவசரமானது.

அப்போது எனக்கு 9 வயது. அறுப்பின் பண்டிகைக்கு அம்மா ஒரு கிண்ணத்தில் தவிடு போட்டு, அதன்மேல் இரண்டு முட்டை வைத்து எடுத்துப் போனார். முதல் முட்டைகள், நாங்கள் தின்னாமல் வைத்திருந்தவை. ஏலம் விட்டவர் கிண்ணத்தைத் தூக்கி, ‘இது யார் வீடு?’ என்று கேட்டுப் பெயரைச் சொன்னார். ஒரு தரம், இரண்டு தரம். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அம்மாவே எட்டணாவுக்குக் கேட்டு, முந்தானையிலிருந்து காசை அவிழ்த்துக் கொடுத்தார். காணிக்கையும் கொடுத்து, அதற்கு விலையும் கொடுத்தார். வீடு வரும்வரை பேசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து உண்டியலில் காசு போட்டாரே தவிர, கையில் எதையும் எடுத்துப் போகவில்லை.

செயலர் அவர்களே, கூரை ஒழுகும் என்பது எனக்கும் தெரியும். ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. படைத்தவர் பெயரையும் எடுத்தவர் பெயரையும் மைக்கில் சொல்லாதீர்கள், பொருளுக்கு எண் போடுங்கள். சிறியதைத் தனியாக ஏலத்தில் தூக்காதீர்கள். முட்டை, ஒரு படி அரிசி, கீரைக்கட்டு எல்லாவற்றையும் ஒரே கூடையாகச் சேர்த்து விடுங்கள். ஏலம் எடுத்தவருக்குக் கமிட்டி இடம் என்ற பேச்சே வேண்டாம். வரவு செலவை அந்த வாரமே ஆலயக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அதே செயலர்: எண் போட்டால் விலை ஏறாது ஐயா.

கொஞ்சம் குறையும். ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு, எத்தனை வீட்டிலிருந்து பொருள் வந்தது என்பதையும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.