இந்த மலை எந்தப் பாடத்தில் வரும்?

வணக்கம் ஐயா,

ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறான். ஒன்பதாவது படிக்கும்போது என் மாமனாரோடு ஏற்காடு போய்வந்தான். வந்ததும் பள்ளியில் "இந்த மலை எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறான். அறிவியல் ஆசிரியர் அது புவியியல் என்றாராம். சமூக அறிவியல் ஆசிரியர் அது பரீட்சைக்கு வராது என்றாராம். தமிழ் ஐயா மட்டும் "மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி" என்று எழுதிக்கொள்ளச் சொன்னாராம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லோருக்கும் பாடத்தை முடிக்கிற அவசரம்.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. என் தம்பிகள் ஃபர்ஸ்ட் குரூப்தான் என்கிறார்கள். இவன் வரலாறு என்கிறான். மாமனார் ஒரு காலத்தில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சியவர். "எதையோ ஒண்ண ஒழுங்காப் படிக்கட்டும்" என்பதோடு சரி. சேலத்தில் ஒரு நூலக விழாவில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். "இலக்கியம், வரலாறு, அறிவியல் எல்லாம் ஒன்றுதான், பிரித்து வைத்தது நாம்தான்" என்றீர்கள். எல்லாம் ஒன்று என்றால் இவன் எதை எடுத்தால் என்ன? அப்புறம் எதற்குத் தனித்தனிப் புத்தகம், தனித்தனிப் பரீட்சை?

கே.

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த விழாவில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மைக்கைப் பிடித்தால் இப்படி ஏதாவது வாயில் வந்துவிடும், கைதட்டலும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால் கூச்சமாக இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க ஒரு தனி வழி இருக்கிறது. அந்த வழிகளைக் குழப்பிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லிக்கனி போதும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். புறநானூற்றில் 91ஆம் பாட்டு. வருடத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், நெல்லியில் வைட்டமின் சி இருப்பதைத் தமிழன் அன்றே அறிந்திருந்தான் என்று. இதில் பாட்டும் போச்சு, வேதியியலும் போச்சு. அந்தப் பொருளை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தது 1920களின் கடைசியில். நெல்லியில் அது நிறைய இருப்பது உண்மைதான். அதைத் தின்றால் சாவு வராது என்று எந்த ஆய்வகமும் சொல்லவில்லை. பாட்டு சொல்ல வருவதோ வேறு. கனியின் மகிமையை வாய்விட்டுச் சொல்லாமல் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, நான் சாகாமலிருக்க எனக்குத் தந்தாயே என்கிறாள் ஔவை. அந்தச் 'சொல்லாமல்' இருக்கிறதே, அதுதான் பாட்டின் உயிர். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள். தமிழ் வகுப்பில் ஒரு மணிநேரம் பேச வேண்டிய இடம் அது. அங்கே வைட்டமினுக்கு வேலையில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. மூன்று ஆசிரியர்களும் ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான கல். ஆக, எங்கிருந்தோ வந்து இங்கே குவிந்த மலை இல்லை இது. மேலே கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் தேய்ந்து, கரைந்து, ஆற்றோடு போய்விட்டது. நிலமும் மெல்ல உயர்ந்தது. அடியில் இருந்தது இன்று ஐயாயிரம் அடி உயரத்தில் நின்று நமக்குக் குளிர் காட்டுகிறது. அப்படியும் மழை அதை விட்டபாடில்லை. உச்சியில் பாறையிலிருந்த மற்றதையெல்லாம் மழைநீர் கரைத்துக் கொண்டுபோக, அலுமினியம் நிறைந்த மண் மிஞ்சியது. அதுதான் பாக்சைட். மேட்டூரில் அலுமினியம் காய்ச்ச வெட்டிக்கொண்டு போனதும் அதைத்தான்.

இது நிலவியல் சொல்கிற பதில். அந்தக் கல்லுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் வரலாற்று வகுப்புக்குள் போய்விடுவோம். கல்கத்தாவை நிறுவியவர் என்று ரொம்ப காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் 1690களில் செத்தார். அவருடைய கல்லறையில் பதித்த பலகை சென்னைப் பக்கத்துப் பாறையில் வெட்டியது. இருநூறு வருடம் கழித்து, 1893இல், ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை வைத்துப் பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். சார்னோக்குக்கும் சேர்வராயனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இன்று உலகத்தில் எந்த நாட்டில் இந்தப் பாறை கிடைத்தாலும் அவர் பெயர்தான். யார் பெயர் வைக்கிறார்கள், யாருக்கு அந்த அதிகாரம் இருந்தது என்பதைப் பாறையைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆவணம் வேண்டும்.

மூன்றாவது பதில் மலையில் இருப்பவர்களிடம் இருக்கிறது. அங்கே வாழும் மலைமக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். அதைக் கேட்டதும் பையன் கேரளம் என்று நினைத்துக்கொள்வான், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, பெரியவர் சேர்வராயனுக்கும் மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போய்த் தங்கியதாக ஒரு கதை அவர்களிடம் உண்டு. இதில் வருடம் கிடையாது, கல்வெட்டு கிடையாது. அதனால் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. இப்படியே நடந்தது என்று பரீட்சைத்தாளில் எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. மூன்று மலைக்காரர்களும் தங்களை ஒரே வீட்டு ஆட்களாக நினைக்கிறார்கள் என்பது மட்டும் இந்தக் கதையிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது உங்கள் மாமனார் காய்ச்சிய வெல்லத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அதே அதியமானைப் பற்றி ஔவை பாடிய இன்னொரு பாட்டு, புறநானூறு 99. அவனுடைய முன்னோர்களின் பெருமையைச் சொல்லும்போது "கரும்பு இவண் தந்தும்" என்று ஒரு தொடர் வருகிறது. இங்கே கரும்பைக் கொண்டுவந்து தந்தவர்கள் என்று பொருள். பள்ளியில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. கரும்பைக் கொண்டுவந்தவர்கள் யார்? அதியமானின் முன்னோர். முடிந்தது, அடுத்த கேள்வி.

எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டிலும் இடத்தின் பெயர் இல்லை. வானுலகத்திலிருந்து என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. இங்கேதான் தாவரவியலைக் கூப்பிட வேண்டும். நாம் கடித்துத் தின்கிற பருத்த இனிப்புக் கரும்பை மனிதன் முதலில் பழக்கிப் பயிராக்கியது நியூகினித் தீவில். அங்கிருந்து கடலோடிகள் கையில் தீவு தீவாக ஏறி ஆசியாவுக்குள் வந்தது. ஆக, கரும்பு நம் மண்ணில் முளைத்ததில்லை, வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு சங்கப் பாட்டில் இருக்கிறது. தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. இது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் விஷயம். ஆனால் ஒரு அடி அதிகம் வைத்தால் கதை கெட்டுவிடும். அதியமானின் பாட்டன் நியூகினிக்குக் கப்பல் விட்டான் என்று நாளைக்கே யாராவது எழுதுவார்கள். பாட்டு அதைச் சொல்லவில்லை, தாவரவியலும் சொல்லவில்லை.

அப்படி ஒரு அதியமான் இருந்தானா என்பது அடுத்த கேள்வி. பாட்டில் வருகிற ஆள் எல்லாம் வாழ்ந்த ஆள் ஆகிவிட மாட்டான். அசோகர் தன் கல்வெட்டில் தெற்கே இருப்பவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒருவரையும் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், என்று ஒரே வரி. பாட்டில் இருந்த பெயரும் அசோகர் சொன்ன பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தில் இருந்தது.

ஒரு கரும்புத் துண்டுக்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் பாருங்கள். பாட்டைப் பொருள் பிரித்துச் சொல்ல ஒருவர், பிராமி எழுத்தை வாசிக்க ஒருவர், செடியின் வம்சாவளி பார்க்க ஒருவர். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சோதிக்கிறார். எல்லோரும் ஒரே ஆளாகிவிட்டால் யார் யாரைச் சோதிப்பது?

ஜவ்வரிசியைப் பற்றியும் இப்படி ஒரு கட்டுரை எழுதலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேகோ என்பது மலாய் நாட்டில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவு. பெயரும் மலாய்ப் பெயர்தான். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. சேலத்தில் 1943 வாக்கில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவில் அதையே உருட்டிப் பார்த்தார்கள். குச்சிக்கிழங்கோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதில் விஷம் உண்டு என்று நம் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். அமேசான் காட்டு மக்கள் அதைத் துருவிப் பிழிந்து விஷத்தைப் போக்கக் கற்று ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. உலகப் பண்பாடுகள் என்று பாடத்தில் வரும்போது பிரமிடு படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி காயும் களத்தைக் காட்டினாலும் ஆகும்.

குரூப் விஷயம். நான் வரலாற்றுக்குப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் தம்பிகள் சொல்வதையே நானும் சொல்கிறேன், காரணம் மட்டும் வேறு. டாக்டர், இன்ஜினியர் என்பதற்காக இல்லை. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவன் கல்லூரியில் பி.ஏ. வரலாறோ தமிழோ தாராளமாகச் சேரலாம். கலைப்பிரிவில் படித்துவிட்டுப் பிறகு மலை எப்படி வந்தது என்று முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் கஷ்டம். சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே நிலவியல் பட்டப்படிப்பு இருக்கிறது, ஆனால் உள்ளே போகப் பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் கேட்பார்கள். இயற்பியலை வீட்டுத் திண்ணையில் தானாகப் படித்துத் தேறுகிறவர்கள் குறைவு. வரலாற்றை நல்ல நூலகம் கிடைத்தால் படித்துக்கொள்ளலாம். கணக்கு அவனுக்கு வேப்பங்காய் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் அழுதுகொண்டு படித்தால் இருக்கிற கேள்வியும் செத்துவிடும். முடிவு அவனுடையதாக இருக்கட்டும். உங்கள் தம்பிகளுக்கு நான் சொன்னதாகப் பாதியை மட்டும் சொல்லுங்கள், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது பையன் எங்காவது கொண்டை ஊசி வளைவில் உடைந்து கிடக்கும் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பார்க்கட்டும். வெயில் பட்ட பக்கம் வேண்டாம், புதிதாக உடைந்த பக்கம். எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பும் கருமையில் லேசான நீலமும் தெரியும். எங்கள் வீட்டு வாசற்படியும் அந்தக் கல்தான் என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் புவியியல் மனப்பாடம் செய்தேன்.

இன்னொன்று. உங்கள் மாமனார் எந்த ரகக் கரும்பு போட்டார் என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான் சொல்வார்கள். அவர் "நானூத்திப் பத்தொம்போது" என்றால் அது கோ 419. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், அதன் தாய்க் கரும்பு ஜாவாவில் பிறந்தது. வேறு நம்பர் சொன்னால் எனக்கு எழுதுங்கள்.