மூல நாடா எங்கே? கிங் கிரிம்சன் மறுவெளியீடு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: காலஞ்சென்ற என் தாய்மாமன் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளில் கிங் கிரிம்சன் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் 'இன் த கோர்ட் ஒஃப் த கிரிம்சன் கிங்' இருக்கிறது. அதே தொகுப்பை இறுவட்டாகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் வாங்கினேன். மாமாவின் தட்டில் இருந்த உயிர்ப்பு அதில் இல்லை. இலண்டனில் இருக்கும் மகன் இப்போது ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவைச் சீர்செய்த) பதிப்பொன்றை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். இதில் உண்மையான முன்னேற்றம் உண்டா, பழைய சரக்கைப் புதிய உறையில் போட்டு விற்கிறார்களா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: முன்னேற்றம் உண்டு, ஆனால் அது எந்த நாடாவிலிருந்து எடுத்த பதிப்பு என்பதைப் பொறுத்தது. உங்கள் இறுவட்டைப் பற்றிய உங்கள் கணிப்பும் சரியானதே.

1969ஆம் ஆண்டு இலண்டன் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், குரலையும் கருவிகளையும் எட்டுத் தனித்தனித் தடங்களில் பதியும் எட்டுத் தட நாடாவில் பதிவான இந்தத் தொகுப்பு, அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி ஐலண்ட் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. எட்டுத் தடங்களையும் இரண்டாகக் கலந்து இறுதி நாடாவைத் தயாரித்தபோது, அதைப் பதிந்த இயந்திரத்தின் பதிவு முனை நேராகப் பொருந்தியிருக்கவில்லை. அதனால் உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கின. வேண்டாத சிதைவும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்தவர்கள் இக்குறையைத் திருத்த முயன்று, அந்த நாடாவிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தார்கள். காந்த நாடாவில் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், நுணுக்கம் தேயும். பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதியை மறுபடியும் நிழற்பிரதி எடுத்தால் பதிவாளரின் முத்திரை வெறும் கறுப்புத் திட்டாகிவிடுகிறதல்லவா, அதே கதிதான் ஒலிக்கும். பிரதி எடுப்பதற்கு முந்திய மூல நாடாவோ கிடங்கொன்றில் வைக்கப்பட்டுத் தொலைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆகவே நீண்ட பல ஆண்டுகளாக உலகெங்கும் விற்ற தட்டுகள், கசெற்றுகள், இறுவட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் பிரதியிலிருந்தோ அதன் பிரதிகளிலிருந்தோ பிறந்தவை. உங்கள் மாமாவின் தட்டு இளஞ்சிவப்பு நிற வில்லை ஒட்டிய முதல் பிரித்தானியப் பதிப்பாக இருந்தால், நீங்கள் கேட்ட வேறுபாட்டுக்கு இதுவே காரணம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்த மூல நாடா கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து 2004இல் ஒரு பதிப்பு வந்தது. பின்னர் 2009இல், குழுவின் கிட்டார் கலைஞர் ரொபர்ட் ஃபிரிப்பின் மேற்பார்வையோடு, போர்க்குப்பைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் எட்டுத் தட நாடாக்களுக்கே திரும்பிச் சென்று புதிய கலவையொன்றை உருவாக்கினார். 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2019இல் அவரே மறுபடியும் கலந்தார். உங்கள் மகனிடம் 2009இன் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பைத் தேடச் சொல்லுங்கள். 2004இன் மூல நாடாப் பதிப்பும் வில்சனின் கலவையும் அதில் ஒன்றாகவே கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பது தனி இன்பம். வெறுமனே 'ரீமாஸ்டர்' என்று ஒட்டிய, எந்த நாடாவிலிருந்து எடுத்தோம் என்று சொல்லாத பதிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டும் ஒன்றா? கலைஞர்கள் அன்று செய்து முடித்ததை இன்று வேறொருவர் மறுபடி கலப்பது துரோகம் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார்.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு வேலைகள். ரீமாஸ்டர் செய்பவரின் கையில் இருப்பது கலந்து முடிந்த இரண்டு தட நாடா. அவர் அதைப் புதிதாக டிஜிட்டலுக்கு மாற்றலாம், தொனியையும் ஒலியளவையும் சீர்செய்யலாம். ஆனால் மெலோட்ரோன் என்ற கட்டைக் கருவியின் ஒலிக்குக் கீழ் அமுங்கிக் கிடக்கும் டிரம்ஸை மட்டும் பிரித்தெடுத்து மேலே கொண்டுவர அவரால் முடியாது. ரீமிக்ஸ் செய்பவர் அதற்கு ஒரு படி முன்னால், குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களில் இருக்கும் இடத்துக்குப் போகிறார்.

எட்டுத் தடம் என்பது இன்றைய கணக்கில் மிகக் குறைவு. தடங்கள் நிரம்பியதும், பதிந்தவற்றில் சிலவற்றை ஒன்றாகச் சுருக்கி வேறொரு நாடாவுக்கு மாற்றி, காலியான தடங்களில் அடுத்த கருவியைப் பதிவது அக்கால வழக்கம். இறுதிக் கலவைக்கு வரும்போது மைக்கல் ஜைல்ஸின் டிரம்ஸ் பிரதியின் பிரதியாகிவிடும். இன்று, சுருக்குவதற்கு முந்திய நாடாக்கள் கைவசம் இருந்தால், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு கருவியையும் அது முதன்முதலில் பதிவான தெளிவோடு பயன்படுத்தலாம். வில்சனின் கலவையில் ஜைல்ஸின் சிம்பல் (உலோகத் தாளத் தட்டு) ஒலி மினுங்குவதையும், 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சொய்ட் மேன்' பாடலின் நடுப்பகுதியில் எல்லாக் கருவிகளும் ஒரே மூச்சில் நின்று நின்று பாயும் அந்த வேகமான இடத்தில் ஒவ்வொரு விரலசைவையும் பிரித்தறிய முடிவதையும் கேட்டவர்கள், அதைத் துரோகம் என்று சொல்லத் தயங்குவார்கள். குழுவின் தலைவரே சம்மதித்து உடனிருந்து செய்வித்த வேலை அது.

உங்கள் நண்பரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்று 1969இல் அந்த இளைஞர்கள் எடுத்த முடிவும் படைப்பின் ஒரு பகுதிதான். 2009 கலவையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்றும் இருக்கிறது. 'மூன்சைல்ட்' பாடல் முதல் இரண்டரை நிமிடங்களுக்குப் பிறகு, மிக மெல்லிய, தாளக்கட்டில்லாத மனோதர்ம வாசிப்பாக விரிந்து பன்னிரண்டு நிமிடத்தைத் தொடுகிறது. அதில் சில நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். பலர் அந்தப் பகுதியைப் பொறுமையின்றித் தாண்டிச் செல்வது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நீண்ட மெளனத்தைக் கடந்து வந்தவருக்குத்தான் அடுத்த பாடலின் முதல் ஒலி மலையளவு பெரிதாக எழும்பும். நல்லவேளையாக, முழு வடிவத்தையும் அதே பதிப்பில் பின்னிணைப்பாகத் தந்திருக்கிறார்கள். முதலில் மூலக் கலவை, பின்னர் புதியது என்ற வரிசையில் கேட்பதே நல்லது.

கேள்வி: மறுவெளியீடுகள் சில பழையதைவிடச் சத்தமாக ஒலிக்கின்றன. சத்தம் கூடினால் தரம் கூடியதாகக் கொள்ளலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: கொள்ள முடியாது. சற்றே உரத்து ஒலிப்பதை நம் காது சிறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்கு தெரியும். மெல்லிய பகுதிகளை உயர்த்தி உச்சங்களை வெட்டி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால், 'எபிடாஃப்' பாடல் தாழ்ந்து தொடங்கி மெல்ல மெல்ல ஓங்கும் ஏற்றம் போய்விடும். இரண்டு பதிப்புகளையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் ஒப்பிடுங்கள்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய புதிய பதிப்பிலும் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. இன்றைய தொழில்நுட்பத்தில் அதை முற்றாக நீக்க முடியாதா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: பெருமளவுக்கு நீக்கலாம், நீக்காமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நாடாவின் இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வெண்களில்தான் சிம்பலின் மினுக்கமும், குரல் ஓய்ந்தபின் கூடத்தில் தங்கி நிற்கும் எதிரொலியும் இருக்கின்றன. ஒன்றை உறிஞ்சி எடுத்தால் மற்றதும் கூடவே போகும்.

இந்தத் தொகுப்பில் இன்னொரு காரணமும் உண்டு. இயன் மக்டொனால்ட் வாசித்த மெலோட்ரோன், நாடாவையே உடலாகக் கொண்ட கருவி. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டு இருக்கிறது. வயலின் குழுவோ புல்லாங்குழலோ உண்மையாக வாசித்துப் பதிந்த ஒரு சுரம் அதில் இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு விநாடிகளில் அது தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். 'எபிடாஃப்' பாடலில் கிரெக் லேக்கின் குரலுக்குப் பின்னால் எழும்பும் அந்தப் பெரும் நாதத்தைக் கவனித்துக் கேளுங்கள்: சுரம் இலேசாக நடுங்கும், ஓரங்களில் சற்றுச் சொரசொரக்கும். அந்த நடுக்கத்தில்தான் பாட்டின் துயரம் இருக்கிறது. அதைத் துடைத்து வழுவழுப்பாக்கிய பதிப்பு எனக்கு வேண்டாம். 'இரைச்சல் துளியும் இல்லை' என்று உறையில் பெருமையடிக்கும் மறுவெளியீட்டைக் கண்டால் சந்தேகத்தோடு அணுகுங்கள்.

கேள்வி: கடற்கரை வீதிக்குப் பக்கத்து வீடு. மறுவெளியீடு வந்தாலும் பழைய தட்டைக் கைவிட மனமில்லை. உறையிலும் தட்டிலும் பூஞ்சணம் பிடிக்கிறது; என்ன செய்யலாம்?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: கைவிடாதீர்கள். கிங் கிரிம்சன் தொகுப்பின் உறையிலுள்ள அந்த அலறும் முகத்தை வரைந்த பாரி கோட்பர், தொகுப்பு வெளியான சில மாதங்களில், 1970இல், 24 வயதில் காலமானார். பன்னிரண்டு அங்குல உறையில் அந்த ஓவியம் தரும் அதிர்ச்சி இறுவட்டின் சிறு அட்டையில் வராது.

உறையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நிழலில் காற்றாட விட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். வெயிலில் வைத்தால் நிறம் வெளிறும், தட்டு வளையும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கடலைப் பார்த்த யன்னலுக்கும் வெளிச்சுவருக்கும் விலக்கி, அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தட்டில் படிந்த பூஞ்சணத்துக்குக் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்மையான சவர்க்காரத் திரவம் கலந்து, பள்ளங்கள் ஓடும் வட்டத் திசையிலேயே தூரிகையை ஓட்டி, வெறும் வடிநீரால் அலசுங்கள். நடுவிலுள்ள காகித வில்லை நனையக் கூடாது. சேமிப்பில் நிமிடத்துக்கு 78 சுழற்சிக் காலத்து அரக்குத் தட்டுகளும் இருந்தால் அவற்றில் மதுசாரம் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.