மாத்திரையில் இருக்கும் இரும்பு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ரத்தசோகைக்கு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு விண்மீன்களில் உருவானது’ என்று நீங்கள் எழுதியதைச் சொல்லி அவளை விழுங்க வைக்கப் பார்த்தேன். அவள் திருப்பிக் கேட்டாள்: “இரும்பு விண்மீனோட நடுவுலதானே சேருது? அந்த நடுப்பகுதி சுருங்கி நியூட்ரான் விண்மீன் ஆயிடுமாம். உள்ளே மாட்டிக்கிட்ட இரும்பு எப்படிம்மா வெளியே வந்துச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அந்த வரியை எழுதியபோதே நான் இதை விளக்கியிருக்க வேண்டும். நடுவில் சேர்ந்த இரும்பு வெளியே வருவதில்லை. அவள் சொன்னது உண்மை.

சூரியனைப் போல 25 மடங்கு நிறையுள்ள விண்மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கவே அதற்குச் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். அப்புறம் எல்லாம் அவசரம்தான். கார்பன் சில நூறு ஆண்டுகளில் தீரும், ஆக்சிஜன் சில மாதங்களில் தீரும். சிலிக்கான் எரிந்து இரும்பாக ஏறக்குறைய ஒரே நாள் போதும். இரும்பை மேலும் இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, கையிலிருப்பதும் செலவாகும். அதோடு உலை அணைந்துவிடுகிறது.

உலை அணைந்த இரும்பு உருண்டை எவ்வளவு எடை வரை தன்னைத் தாங்கிக்கொள்ளும்? இதற்கான வரம்பைக் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது அவருக்கு வயது 19. அவர் யோசித்தது வெள்ளைக் குள்ளன் விண்மீன்களைப் பற்றி, அதாவது சூரியன் போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சிறிய, அடர்ந்த உருண்டைகளைப் பற்றி. ஆனால் அதே வரம்புதான் இங்கேயும் வேலை செய்கிறது: சூரியனின் நிறையைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டியதும் இரும்பு உருண்டை ஒரு நொடிக்குள் நொறுங்கி உள்ளே விழுகிறது. அணுக்கருக்கள் உடைகின்றன. எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து நியூட்ரான்களாகின்றன. பல லட்சம் ஆண்டு உழைப்பில் திரண்ட அந்த இரும்பு அங்கே இரும்பாகவே மிஞ்சுவதில்லை.

அப்படியானால் வெளியே வருவது எந்த இரும்பு? நடுப்பகுதி இப்படி நொறுங்கியதும் மீதி விண்மீன் வெடித்துச் சிதறுகிறது. அந்த வெடிப்பின் அதிர்வலை வெளி அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு போகும்போது, உள்ளோரமாக இருக்கும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சுமார் 500 கோடி டிகிரிக்குச் சூடாகி, கண நேரத்தில் நிக்கல்-56 ஆகின்றன. அது நிலைக்காது. 6 நாளில் பாதி கோபால்ட்-56 ஆகிவிடும். கோபால்ட் 77 நாளில் பாதியாகி, இரும்பாக மாறும். ஆகவே இரும்பாக அது பிறப்பது வெடிப்பு முடிந்த பிறகு, பறந்துகொண்டிருக்கும் சிதறல்களுக்குள்ளே.

இது வெறும் ஊகம் இல்லை. 1987 பிப்ரவரியில், நம் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறிய விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. தென்னரைக்கோளத்தில் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து அதன் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்த வேகம், கோபால்ட் சிதையும் வேகத்தோடு அப்படியே பொருந்தியது. மனிதர்கள் இரும்பு பிறப்பதை உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்! எனக்கு இன்றும் நம்ப முடியாத மகிழ்ச்சி அது.

ஆனாலும் இன்னொரு திருத்தம் சொல்லியாக வேண்டும். நம் இரும்பில் பெரும் பங்கு இந்த ராட்சத விண்மீன்களிடமிருந்து வந்ததே அல்ல. வெள்ளைக் குள்ளன்கள் வெடித்ததில் வந்தது. ராட்சத விண்மீன்களின் உண்மையான கொடை ஆக்சிஜன். நம் உடல் எடையில் சுமார் 65 சதவீதம் அதுதான். இரும்போ மொத்தமே மூன்று நான்கு கிராம். சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்-ரே தொலைநோக்கி 1999-ல் விண்ணுக்குப் போனது. அது முதலில் வெளியிட்ட படங்களில் ஒன்று காசியோப்பியா ஏ. சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு வெடிப்பின் மிச்சம். ஒவ்வொரு தனிமத்தின் எக்ஸ்-ரேயும் தனி ஆற்றலில் வருவதால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்து வரைய முடிகிறது. அங்கே சிதறிக் கிடக்கும் இரும்பு சுமார் 70,000 பூமிகளின் எடைக்கு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன்? பத்து லட்சம் பூமிகள். இன்னொரு வினோதமும் உண்டு: உள்ளே இருந்திருக்க வேண்டிய இரும்பு, சில பக்கங்களில் சிலிக்கானை முந்திக்கொண்டு வெளியே நிற்கிறது. வெடிப்பு அடுக்குகளை அப்படிப் புரட்டிப் போட்டிருக்கிறது. டிஎன்ஏவுக்கு வேண்டிய பாஸ்பரஸும் அந்தச் சிதறலில் இருப்பதை 2013-ல் கண்டார்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான். ரத்தசோகையில் களைப்பு வருவதும் அதனால்தான்.

அவள் மாத்திரையின் இரும்பு சூரியன் உருவான காலத்து மேகத்திலிருந்து வந்தது. குறைந்தது 460 கோடி ஆண்டுப் பழசு. புதுசும் வருகிறது. அண்டார்க்டிகாவில் இருபது ஆண்டுக்கும் குறைவான வயதுடைய பனி 500 கிலோவை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் உருக்கி வடிகட்டினார்கள். அதில் விண்மீன் வெடிப்புகளில் சிதறும் கதிரியக்க இரும்பான இரும்பு-60 இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், வெறும் 26 லட்சம் ஆண்டுகள். பூமி உருவானபோது இருந்தது என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். 2019-ல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவு அணுக்கள். எங்கோ அருகில் வெடித்த விண்மீனின் தூசி, இப்போதும் பனியோடு சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது.